வீட்டுப் பத்திரத்தை வைத்து எம்.எஸ். படிக்க அனுப்பலாமா?

கேள்வி: ஈரோட்டில் ஒரு தனியார் நூற்பாலையில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். வயது 53. கைக்கு வரும் சம்பளம் 58,000 ரூபாய். மகள் பி.இ. முடித்து, சென்னையில் ஐ.டி. நிறுவனம் ஒன்றில் இரண்டு வருடமாக டெஸ்டிங் வேலை பார்க்கிறாள். மாதம் 34,000 வாங்குகிறாள். அமெரிக்காவில் மேனேஜ்மென்ட் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் பிரிவில் எம்.எஸ். இடம் கிடைத்திருக்கிறது. இரண்டு வருடப் படிப்பு, 40 லட்சம் கடன், 11 சதவீத வட்டி. வங்கி வீட்டுப் பத்திரத்தைக் கேட்கிறது. பத்திரத்தை அடமானமாக ஒப்படைக்கும் எம்ஓடி பதிவு மட்டும் பாக்கி. இந்தப் படிப்புக்கு வேலை உண்டா? மகன் பிளஸ் ஒன் படிக்கிறான். துணிந்து இறங்கலாமா?

பதில்: படிப்பு நல்ல படிப்பு. கடன்தான் உங்கள் குடும்பத்துக்குப் பெரியது. இரண்டையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

கணக்குப் பிரிவில் இருக்கும் உங்களுக்கு இந்தப் படிப்பு சட்டென்று புரியும். பஞ்சு வாங்க ஆர்டர் போடுகிறீர்கள், லோடு வந்ததும் குடோனில் வரவு வைக்கிறார்கள், பிறகு பில் வருகிறது. மூன்றும் ஒத்துப்போனால்தான் பணம் போக வேண்டும். இதை ஒரு மென்பொருளில் எப்படி அமைப்பது, யாருக்கு எந்த அனுமதி, தப்பு நடந்தால் எங்கே தெரியும் என்று யோசிக்கிற வேலைதான் இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்தவர் மென்பொருளின் உள்ளே வேலை செய்வார். இவர் மென்பொருளுக்கும் கம்பெனிக்கும் நடுவில் நிற்பார். டேட்டாபேஸ், எஸ்.க்யூ.எல்., சிஸ்டம் அனாலிசிஸ், ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட், கொஞ்சம் அக்கவுண்ட்ஸ் எல்லாம் பாடத்தில் வரும். பிசினஸ் அனலிஸ்ட், டேட்டா அனலிஸ்ட், எஸ்.ஏ.பி. என்ற நிறுவன நிர்வாக மென்பொருளின் கன்சல்டன்ட், ஐ.டி. ஆடிட்டர் என்று வேலைகள் பிரியும்.

இதில் ஐ.டி. ஆடிட் பக்கம் நம்மூர்ப் பிள்ளைகள் அதிகம் திரும்பிப் பார்ப்பதில்லை என்பது என் வருத்தம். வங்கிகளின் கணினி அமைப்புகளைத் தணிக்கை செய்தே ஆக வேண்டும். அதனால் வேலை வந்துகொண்டே இருக்கும். ஐசாகா என்ற சர்வதேச அமைப்பு ஐ.டி. ஆடிட்டர்களுக்கு நடத்தும் சிசா தேர்வை முதலில் எழுதிவிடலாம். சான்றிதழ் கைக்கு வர 5 வருட அனுபவம் கேட்பார்கள். படித்த பட்டத்துக்காக அதில் ஒரு பகுதியைக் கழித்துக்கொள்வார்கள். இதற்கு அமெரிக்கா போக வேண்டியதில்லை.

இனி கடன். முதல் வருடம் 20 லட்சம், அடுத்த வருடம் 20 லட்சம் என்று வங்கி கொடுப்பதாக வைத்துக்கொள்வோம். படிக்கும் இரண்டு வருடமும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது, ஆனால் வட்டி ஓடும். தனிவட்டியாகவே போட்டாலும் 11 லட்சம் சேர்ந்துவிடும். ஆக, தவணை தொடங்கும் நாளில் கடன் 51 லட்சம். 10 வருடத்தில் கட்ட மாதம் சுமார் 70,000 ரூபாய். 15 வருடம் என்றால் சுமார் 58,000. உங்கள் முழுச் சம்பளமே அவ்வளவுதான். அந்தத் தவணை தொடங்கும்போது உங்களுக்கு வயது 56; மகன் கல்லூரியில் இருப்பான்.

அங்கே வேலை கிடைத்துவிட்டால் டாலர் சம்பளத்தில் இதைக் கட்டிவிடலாம் என்பது உண்மை. அந்த வேலை எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். படிப்பு முடிந்ததும் ஓபிடி என்ற அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். படிப்பு ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் இருந்தால் மட்டும் இன்னும் 24 மாதம் கிடைக்கும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரே பெயருள்ள இந்தப் படிப்பை ஒரு பல்கலைக்கழகம் கணினித் துறையின் சிஐபி கோடில் (படிப்புகளை வகைப்படுத்தும் எண்) பதிந்திருக்கும், இன்னொன்று வணிகத் துறையின் கோடில் பதிந்திருக்கும். 11.0401 போன்ற கோடு ஸ்டெம் பட்டியலில் உண்டு. மாணவர் விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுக்கும் மகளின் ஐ-20 படிவத்தில் அந்த எண் அச்சாகியிருக்கும். இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். ஓபிடி தொடங்கிய பிறகு மொத்தம் 90 நாள் வேலை இல்லாமல் இருந்தால் அந்த அனுமதியே ஆபத்தில் விழும்.

அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா. மாணவராகப் போய் அங்கேயே வேலைக்குச் சேருபவருக்கும் வருடத்துக்கு 85,000 இடம் என்ற உச்சவரம்புக்குள்தான் குலுக்கல். அதில் 20,000 அமெரிக்க முதுநிலைப் பட்டதாரிகளுக்கு. 2026 முதல் அந்தக் குலுக்கலிலும் உயர்ந்த சம்பள நிலையில் இருப்பவர்களுக்குக் கூடுதல் வாய்ப்பு. புதிதாகப் படித்து முடிப்பவர் பெரும்பாலும் கீழ்நிலையில்தான் சேருவார். இந்தியாவிலிருந்து புதிதாக ஆளெடுத்தால் 1,00,000 டாலர் கட்டணம் என்று 2025 செப்டம்பரில் அறிவித்தார்கள். அதனால் ஒருமுறை ஊர் திரும்பிவிட்டால் மறுபடி போவது எளிதாக இருக்காது.

அதனால் நான் பிடிக்கும் கணக்கு இதுதான்: மகள் திரும்பி வந்து சென்னையில் மாதம் 65,000 சம்பளத்தில் சேர்ந்தாலும் கட்டக்கூடிய கடன் எவ்வளவு? வாடகை, சாப்பாடு போக 25,000 ஒதுக்கலாம். 15 வருடத்துக்கு அந்தத் தவணை தாங்குவது, சேர்ந்த வட்டியோடு 22 லட்சம். அதாவது இன்று வாங்கக்கூடியது 17 லட்சம். படிக்கும்போதே நீங்கள் மாதாமாதம் வட்டியைக் கட்டிவந்தால் 22 லட்சம் வரை போகலாம்; அப்படிக் கட்டினால் பல வங்கிகளில் வட்டியில் ஒரு சதவீதம் குறைப்பார்கள்.

வரிச் சலுகையை நம்பிக் கடனைக் கூட்டாதீர்கள். வருமான வரியில் 80இ என்று நாம் பழகிய கழிவு வட்டிக்கு மட்டும்தான், அசலுக்கு இல்லை. 8 வருடம்தான், அதுவும் பழைய வரி முறையில் இருந்தால்தான்.

40 லட்சத்துக்கும் 17 லட்சத்துக்கும் நடுவில் இருக்கும் பள்ளத்தை உங்கள் பி.எஃப். பணத்தாலோ அம்மாவின் நகையாலோ நிரப்ப வேண்டாம். ஒரு வருடம் பொறுங்கள். சேர்க்கையை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவைக்கப் பல பல்கலைக்கழகங்கள் சம்மதிக்கும். அந்த ஒரு வருடத்தில் மகள் தன் நிறுவனத்திலேயே டெஸ்டிங்கை விட்டு டேட்டா அல்லது எஸ்.ஏ.பி. குழுவுக்கு மாறட்டும். மாதம் 12,000 சேமிக்கட்டும். அசிஸ்டன்ட்ஷிப் (பல்கலைக்கழகத்திலேயே வேலை பார்த்துச் செலவைக் குறைத்துக்கொள்வது) கிடைக்க வாய்ப்புள்ள, கட்டணம் குறைந்த அரசுப் பல்கலைக்கழகங்களுக்கும் விண்ணப்பிக்கட்டும். அப்போதும் கணக்கு 17 லட்சத்துக்குள் வரவில்லை என்றால், இங்கேயே சிசா அல்லது எஸ்.ஏ.பி. வழியில் போகச் சொல்வேன். மகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கும், எனக்குத் தெரியும். இந்தக் கணக்கை அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டுப் பாருங்கள். தவணை கட்டப்போவது அவள்தான்.

எம்ஓடி பதிவுக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வங்கிக்குப் போவதற்கு முன், சேர்க்கையைத் தள்ளிவைக்கக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மகள் ஒரு மின்னஞ்சல் அனுப்பட்டும்.