தூர்விடும் மரம் – கடிதம்

ஐயா, வணக்கம்.

கலிஃபோர்னியாவின் செம்மரக் காடுகளைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். 380 அடி உயரம், 2000 வயது! உடனே விதை வாங்கிவிட்டேன். 50 விதை, 300 ரூபாய். எங்கள் கரும்புத் தோட்டத்து வரப்பில் முளைக்குமா? இப்பேர்ப்பட்ட மரத்தை ஒருமுறை வெட்டினால் போச்சு, திரும்ப வராதே என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை.

க., தாராபுரம்

அன்புள்ள க.,

முதலில் ஒரு குட்டு. அது செம்மரம் இல்லை. செம்மரம் ஆந்திரத்துச் சேஷாசலம் மலையில் இருப்பது, அவரைக் குடும்பத்து மரம். கலிஃபோர்னியாவில் இருப்பது ஊசியிலை மரம். ரெட்வுட் என்றே சொல்லிவிட்டுப் போவோமே.

ரெட்வுட்டிலும் எது என்று பாக்கெட்டில் பார்த்தீர்களா? சியரா நெவாடா மலையில் வளரும் ராட்சத செகோயா என்றால், ஈரமணலில் கலந்து ஒரு மாதமாவது ஃபிரிட்ஜில் வைத்தால்தான் சீராக முளைக்கும். கடலோர ரெட்வுட்டுக்குக் குளிர் வேண்டாம். ஒருநாள் ஊறவைத்து, மண்மேல் தூவி, விதை மறையும் அளவுக்கு மணல் போட்டால் போதும். ஆனால் விதையில் பெரும்பகுதி பதர். கருவே இருக்காது, உள்ளே துவர்ப்புப்பொருள் காய்ந்து கிடக்கும். நூற்றுக்குப் பத்துப் பதினைந்து முளைத்தாலே பெரிது. முளைத்ததை ஈரம் மிஞ்சினால் நாற்றழுகல் கொண்டுபோகும். அதையும் தாண்டி வந்ததை உங்கள் ஊர் மே மாதம் பார்த்துக்கொள்ளும். அந்த மரம் இயற்கையாக வளர்வது பசிபிக் கரையோரம் ஒரு குறுகலான பட்டையில் மட்டும்தான். மழையில்லாத கோடையில் கடலிலிருந்து வரும் மூடுபனி இலையில் படிந்து சொட்டுகிறது, இலை நேராகவும் உறிஞ்சிக்கொள்கிறது. ஆண்டு முழுக்கக் கிடைக்கும் நீரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இப்படி வருவது. வரப்பில் மோட்டார் போட்டு அதை ஈடுகட்ட முடியாது.

உயரத்தை விடுங்கள். உலகிலேயே உயரமான மரமான 116 மீட்டர் ஹைப்பீரியனைப் பார்க்கப் போனவர்கள் வேரை மிதித்து மண்ணை இறுக்கியதால்தான், 2022இல் அந்தப் பகுதியையே மூடினார்கள்.

நான் பேச நினைத்தது உங்கள் கடைசி வரியைப் பற்றி. வெட்டினால் திரும்ப வராதா? கரும்புத் தோட்டக்காரர் கேட்கிற கேள்வியா இது? அறுத்த கரும்பின் அடிக்கட்டையே மறுபடி துளிர்க்கும்படி கட்டைக்கரும்பு விட்டதில்லையா நீங்கள்?

கடலோர ரெட்வுட் கட்டைக்கரும்பைப் போலத் தூர்விடும் மரம். ஊசியிலை மரங்களில் இது அபூர்வம். ராட்சத செகோயாகூட முதிர்ந்தபின் வெட்டினால் துளிர்க்காது. இதுவோ, அடியில் மரக்கட்டிபோலப் புடைத்த பகுதியில் நூற்றுக்கணக்கான மொட்டுகளை உறக்கத்தில் வைத்திருக்கிறது. உச்சிக்குருத்து இருக்கும்வரை அவை பெரும்பாலும் தலைதூக்காது. மேலே வெட்டு விழுந்த சில வாரங்களில் கிளம்பிவிடும். கட்டைக்கரும்பில் புதுத்தூர் தனக்கென வேர்விட்டாக வேண்டும். இங்கே தாய்மரத்தின் வேர் முழுசாகக் கைக்கு வந்துவிடுகிறது. அதனால் முதல் வருடமே 2 மீட்டர்கூட எழும்பும். நடுக்கட்டை மக்கிப்போனபின் பிள்ளைகள் மட்டும் வட்டமாக நிற்கும்.

2020 ஆகஸ்டில் இடிமின்னலில் பற்றிய தீ கலிஃபோர்னியாவின் பிக் பேசின் ரெட்வுட் பூங்காவை ஏறக்குறைய முழுதும் எரித்தது. பெரிய மரங்கள் பலவற்றில் ஓர் ஊசியிலை மிஞ்சவில்லை. சில மாதங்களில் கரிப்பட்டையைக் கிழித்துக்கொண்டு அடிமரம் முழுக்கப் பச்சை முளைத்தது. அந்தத் துளிரை, கரிமத்தின் வயதைக் கணக்கிடும் ரேடியோகார்பன் முறையில் ஆராய்ந்தவர்கள் 2023இல் வெளியிட்டது இது: துளிரைக் கட்டிய சர்க்கரையில் ஒரு பகுதி அரை நூற்றாண்டுக்கு முன் சேமித்தது. மொட்டுகளில் சிலவோ, ஆயிரம் ஆண்டுக்கு மேல் காத்திருந்தவை.

ஓ, அப்படியானால் வெட்டலாம் என்று ஆரம்பிக்காதீர்கள், தம்பி. மரம் வெட்டும் கம்பெனிகள் சொன்ன சால்ஜாப்பும் அதுதான். 1850 வாக்கில் சுமார் 8 லட்சம் ஹெக்டேர் இருந்த பழங்காட்டில் இன்று மிச்சம் நூற்றுக்கு ஐந்து. திரும்பி வருவது மரம், காடு இல்லை. இளமரத்தில் வைரம் குறைவு, வெள்ளைக்கட்டை அதிகம், சீக்கிரம் உளுத்துப்போகும். முதுமரத்தின் கவட்டைகளில் பல நூற்றாண்டாக இலை மக்கி மண் சேர்ந்திருக்கும். அந்த மண்ணில் பெரணி வளரும், அந்தப் பெரணியில் பல்லிபோன்ற சாலமாண்டர் குடியிருக்கும். நூறு வயதுத் தூரில் இதெல்லாம் கிடையாது. போதாததற்கு வெட்டிய இடத்தில் விமானத்திலிருந்து டக்ளஸ் ஃபர் என்ற வேறோர் ஊசியிலை மரத்தின் விதையைத் தூவிவைத்தார்கள். இப்போது வெயிலுக்கு முண்டியடித்து எல்லாம் பென்சில்போல நிற்கின்றன. பூங்காக்காரர்களே ரம்பத்தோடு போய்க் கலைத்துவிடுகிறார்கள். நெருக்கமாக நின்ற நாற்றைக் கலைக்காத உழவர் உண்டா? ஆனால் அங்கே மரத்தில் ரம்பம் வைத்தாலே கூச்சல் போட ஒரு கூட்டம் இருக்கிறது. காடு என்றால் தொடாமல் கும்பிட வேண்டியது என்று நினைப்பவர்கள்.

உங்கள் விதையை மறந்தே போனேன். நிழலில் தொட்டியில் வையுங்கள். ஒன்று பிழைத்தாலும் ஓரிரு வருடத்தில் வித்திலை இருந்த கணுவைத் தடவிப் பாருங்கள். லேசாகப் புடைத்திருக்கும். மரம் விரற்கடைப் பருமன்கூட ஆகியிருக்காது, அதற்குள் மொட்டைச் சேர்க்க ஆரம்பித்திருக்கும்.