கேஷுவாலிட்டிப் பணிக்கு முன் எதைப் படிப்பது?

அடுத்த வாரம் கேஷுவாலிட்டியில், அதாவது அவசர சிகிச்சைப் பிரிவில் போடுகிறார்கள், எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டுப் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். பயிற்சி மருத்துவராக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கேள்வியிலேயே பயம் தெரிகிறது. எனக்கும் இருந்த பயம்தான்.

2006 ஐப்பசி. நெல்லைச் சீமையில் ஒரு மருத்துவமனை, பெயர் வேண்டாம். எனக்கு அங்கே மூன்றாவது இரவு. விடியற்காலை 4 மணிக்கு முக்கூடல் பக்கமிருந்து 18 வயதுப் பெண் ஒருத்தியை வாடகை வேனில் கொண்டுவந்தார்கள். வயிற்றுவலி, இரண்டு முறை வாந்தி. தாயும் மகளும் பீடி சுற்றுகிறவர்கள். மழைக்கு ஒழுகாத மூலையாகப் பார்த்துத் தரையில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தேன், ஒன்றும் தட்டுப்படவில்லை. இரவுச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவுகட்டி, வயிற்று அமிலத்தைக் குறைக்கும் ரானிடிடின் ஊசி எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன்.

ஊசியோடு வந்த சிஸ்டர் அதைப் போடவில்லை. “சார், இங்கே கொஞ்சம் வாருங்கள்” என்றார். அந்தப் பெண்ணிடம், “மேலே ஃபேனையே பாரம்மா” என்றார். பார்த்தாள். அரை நிமிடத்தில் இரண்டு இமைகளும் தாமாகச் சரிந்தன. தலையணையிலிருந்து தலையைத் தூக்கச் சொன்னார், முடியவில்லை. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னார், ஒன்பதோடு நின்றுவிட்டது. “கட்டுவிரியன்” என்றார் எனக்கு மட்டும் கேட்கும்படி. உடம்பில் எங்கும் பல் தடம் இல்லை.

கட்டுவிரியன் பாம்பு பெரும்பாலும் இரவில், தரையில் தூங்குகிறவர்களைக் கடிக்கும். கடித்த இடம் வீங்காது, தடமே தெரியாமலும் போகும். வயிற்றுவலி என்றுதான் பலர் வருவார்கள். இது நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கிய விடை. அதே விடை கட்டிலில் வந்து படுத்திருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

டூட்டி டாக்டர் ஓடிவந்து விஷமுறிவு மருந்தை ஏற்றினார். ஆனால் இந்த விஷம் நரம்பு முனைகளைப் பிடித்துவிட்டால் மருந்து அதை உடனே விடுவிக்காது. அதுவரை மூச்சை நாம்தான் கொடுக்க வேண்டும். தொண்டையில் குழாய் போட்டாயிற்று. செயற்கை சுவாசக் கருவி எதுவும் காலியில்லை. கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தும் ஆம்பு பையை என் கையில் கொடுத்தார்கள். ஆறு விநாடிக்கு ஓர் அழுத்து. நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே, இன்னொரு பயிற்சி மருத்துவரும் நானும் காலை பத்தரை வரை மாறி மாறி அழுத்தினோம். “சத்தமாக எண்ணுங்கள் சார், அவளுக்குக் காது கேட்கும்” என்றார் சிஸ்டர். ஒன்பதாம் நாள் குழாயை எடுத்தார்கள். கரகரத்த குரலில் அவள் என்னிடம் சொன்ன முதல் பேச்சு: “நீங்கள் எண்ணும்போது நானும் கூடவே எண்ணினேன்.”

டாக்டரைத் தாழ்த்தி நர்ஸை உயர்த்துகிறான் என்று எழுதச் சிலர் வருவார்கள். புத்தகமே வேண்டாம் என்கிறான் என்றும் சொல்வார்கள். இரண்டையும் நான் சொல்லவில்லை. இதயம் நின்றால் போடும் அட்ரினலின் மருந்தின் அளவைப் புத்தகத்தில்தான் படிக்க வேண்டும். ஆனால் சரிகிற இமை, பக்கத்தில் ஒருவர் நின்று “இங்கே பார்” என்றால்தான் முதல் முறை கண்ணில் படும். அவசர சிகிச்சையைத் தனித் துறையாக இந்திய மருத்துவக் கவுன்சில் ஏற்றதே 2009-இல்தான். ஓராண்டுப் பயிற்சியில் இதற்குக் கிடைப்பது 2 வாரம். அந்த 2 வாரத்திலும் பிள்ளைகளைச் சீட்டு எழுதவும் இரத்த மாதிரியைத் தூக்கிக்கொண்டு ஓடவும் விட்டால் எப்போது கற்பார்கள்? என்னிடம் வருகிறவர்களை முதல் நாளே, இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்துவதைப் பழக, பொம்மையின் நெஞ்சில் கைவைக்கச் சொல்கிறேன். 5 சென்டிமீட்டர் ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்து. இரண்டு நிமிடத்தில் தோள் தளர்வது அவர்களுக்கே தெரியும். ஏன் ஆள் மாற வேண்டும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

      

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாள் அரை மணி நேரம் முன்னதாகப் போங்கள். ஆம்பு பையை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்திப் பாருங்கள், காற்று சரியாக வருகிறதா என்று. குழாய் போடத் தொண்டையைப் பார்க்கும் லாரிங்கோஸ்கோப்பில் விளக்கு எரிகிறதா, சளி உறிஞ்சும் கருவி இழுக்கிறதா, அட்ரினலின் எந்தத் தட்டில் இருக்கிறது, பாருங்கள். பிறகு அன்றைக்கு இருக்கிற சிஸ்டரிடம் போய், “புதிதாக வந்திருக்கிறேன், நான் எதையாவது கவனிக்காமல் விட்டால் உடனே கூப்பிடுங்கள்” என்று சொல்லிவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.