குளியலறைக்குள் குற்றாலம்: கேள்வி-பதில்

படுக்கையறையோடு சேர்ந்த பாத்ரூமை இடித்து, கல், மரம், செடி, மழை ஷவர் என்று 'ஸ்பா' போல மாற்றுவது பற்றித்தான் இந்த முறை கடிதங்கள் குவிந்துவிட்டன. சுருக்கித் தருகிறேன்.

பன்னிரண்டு அங்குல மழை ஷவர் பொருத்தினோம். தண்ணீர் சொட்டுகிறது. கடைக்காரர் பிளம்பரைக் கைகாட்டுகிறார். மேல்மாடி வீடு, தொட்டி தலைக்கு மேலேயே இருக்கிறது. (வாசகர், கோவை)

தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதுதான் சிக்கல். ஷவருக்கு மேல் நீர்மட்டம் எத்தனை மீட்டர் உயரமோ, மீட்டருக்கு 0.1 பார் வீதம்தான் அழுத்தம் கிடைக்கும். உங்கள் வீட்டில் 0.2 பார் தேறினாலே பெரிது. பெரிய ஷவருக்கு அது போதாது. குறைந்தபட்ச அழுத்தம் எவ்வளவு வேண்டும் என்பது கையேட்டில் இருக்கும். அதை வாங்கும் முன்பே படிக்க வேண்டும். பிரஷர் பம்ப் வைத்தால் சரியாகும்.

ஷவர் தரையில் ஆற்றுக் கூழாங்கல் பதிக்கலாமா? வீட்டில் 78 வயது மாமியார் இருக்கிறார். (வாசகி, தஞ்சாவூர்)

வேண்டாம்.

'நேச்சுரல் ஸ்டோன்' என்று சொல்லிக் கொடுத்த கறுப்புத் தரை ஆறே மாதத்தில் திட்டுத் திட்டாக வெளுத்துவிட்டது. வாரம் ஒருமுறை ஆசிட் ஊற்றிக் கழுவுகிறோம். பில்லில் 'ஸ்டோன்' என்றுதான் இருக்கிறது. நஷ்டஈடு கேட்கலாமா? (வாசகர், சேலம்)

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது கடப்பா. கடப்பா, கோட்டா, மார்பிள் எல்லாமே சுண்ணாம்பு உள்ள கல். ஆசிட் பட்டால் அரித்துவிடும். கிரானைட் வேறு வகை, அது ஓரளவு தாங்கும். ஆசிட் ஊற்றியது நீங்கள் என்பதால் வழக்கு பலவீனம்தான்.

ஆனாலும் என் கோபம் கடைக்காரர் மேல். நம் ஊரில் கல்லை ஊர்ப்பெயர் சொல்லித்தான் வாங்கினோம். பெயரைக் கேட்டதும் எதில் வழுக்கும், எதில் எண்ணெய் ஊறும், எதில் எலுமிச்சை படக்கூடாது என்று கொத்தனாரே சொல்லிவிடுவார். இப்போது எல்லாம் 'நேச்சுரல்'. பீங்கான் டைல்ஸில் அச்சடித்த கல் படமும் நேச்சுரல், மரத்தூள் பலகையும் நேச்சுரல். பெயர் இல்லாத பொருளைப் பற்றி என்ன கேள்வி கேட்க முடியும்?

எனக்கும் இது நடந்திருக்கிறது. 'நேச்சுரல் வுட்' என்று வாங்கிய வாஷ்பேசின் அலமாரி ஒன்றரை ஆண்டில் அடியில் உப்பியது. பிரித்தால் உள்ளே பார்ட்டிகிள் போர்டு. மேலே காகிதம் போல மெல்லிய மரத்தோல். பில்லில் 'கேபினெட் 1' என்று மட்டும் இருந்தது. பணம் திரும்பவில்லை.

கல்லின் பெயர், பாலிஷா சொரசொரப்பா, சதுர அடி மூன்றையும் பில்லில் எழுதி வாங்குங்கள். பாலிஷ் செய்த மாதிரித் துண்டில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். பளபளப்பு போயிருந்தால் சுண்ணாம்புக் கல்.

65,000 ரூபாய்க்கு பாத்டப். ஜி.எஸ்.டி. மிச்சமாகும் என்று பில் வேண்டாம் என்றேன். இப்போது விரிசல். வாரண்டி இல்லையாம். (வாசகர், ஓசூர்)

பில் தராதது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஆனால் வேண்டாம் என்றவர் நீங்கள். அந்தத் தொட்டியை எங்கே, எப்போது வாங்கினீர்கள் என்பதை இனி நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். இந்தப் பகுதியில் இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன்.

ஜன்னல் இல்லாத பாத்ரூமில் எந்தச் செடி வளரும்? (வாசகி, வேலூர்)

எதுவும் வளராது. அந்தக் காசுக்கு எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை நான். மொத்தம் 3 லட்சம் பேசி, 2.4 லட்சம் ஜிபே-யில் கொடுத்தேன். மூங்கில், கல் எல்லாம் அழகாகத்தான் செய்தார். மூன்றே வாரத்தில் கீழ்வீட்டுக் கூரையில் ஒழுகுகிறது. ஒப்பந்தக்காரர் போனை எடுப்பதில்லை. எழுத்தில் ஒப்பந்தமும் இல்லை. (திருநெல்வேலி)

டீச்சர், உங்கள் மேல் தவறில்லை. டைல்ஸுக்கு அடியில் என்ன செய்தார் என்று உங்களால் பார்த்திருக்கவே முடியாது. ஜிபே பதிவும் வாட்ஸ்அப் உரையாடலும் சான்றுதான், எதையும் அழிக்காதீர்கள். ஒழுகலைத் தேதியோடு படம் எடுங்கள். அவசரப்பட்டு இடித்துவிடாமல், வேறொரு பொறியாளரிடம் காரணத்தை எழுதி வாங்குங்கள். 15 நாள் கெடு வைத்து ஸ்பீடு போஸ்டில் ஒப்பந்தக்காரருக்குக் கடிதம் அனுப்புங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கும் புகார் சொல்லுங்கள். அசையவில்லை என்றால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். கீழ்வீட்டுக்காரருக்கு ஆகும் செலவையும் சேர்த்தே கேளுங்கள்.

வேலையைத் தொடங்கப்போகிற மற்றவர்களுக்கு: வாட்டர்ப்ரூஃபிங் முடிந்ததும், டைல்ஸ் ஒட்டும் முன், வடிகாலை அடைத்துத் தரையில் தண்ணீர் கட்டி 48 மணி நேரம் விடச் சொல்லுங்கள். கீழ்வீட்டுக் கூரையைப் போய்ப் பார்த்த பிறகு அடுத்த தவணையைக் கொடுங்கள்.