பதில்: பிஆர்பி கலந்த ஆல்ஜினேட் மை சிரிஞ்சிலேயே உறைகிறது, 25ஜி ஊசி அடைக்கிறது

பிஆர்பி (பிளேட்லெட் செறிந்த ரத்த பிளாஸ்மா) கலந்த ஆல்ஜினேட் (கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஜெல் பொருள்) உயிரி அச்சு மை, அச்சிடும் முன்பே உறைந்து மெல்லிய ஊசியை அடைக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். கால்சியம் குளோரைடை மையில் கலக்காதீர்கள். அச்சிட்ட பிறகு, 100 மில்லிமோலார் கரைசலில் சில நிமிடம் முக்கினால் போதும்.

பிளேட்லெட்டைத் தூண்ட நீங்கள் முன்கூட்டியே சேர்த்த கால்சியம்தான் பெரும்பாலும் காரணம். ரத்தம் உறையாமலிருக்கக் குழாயில் சேர்க்கும் சிட்ரேட்டின் தடையை அது நீக்கி, உறைய வைக்கும் நொதியான த்ராம்பினை எழுப்புகிறது. அதனால் பிளாஸ்மாவிலுள்ள ஃபைப்ரினோஜன் என்ற புரதம் ஃபைப்ரின் வலையாகிறது. அதே கால்சியம் ஆல்ஜினேட்டையும் இறுக்குகிறது. இரண்டு பக்கமும் அடி!

கால்சியம் இல்லாமல் ஒரு மில்லி மை கலந்து, அறை வெப்பத்தில் 30 நிமிடம் வையுங்கள். அப்போதும் கட்டி தட்டினால் கோளாறு ரத்தம் எடுத்த விதத்தில். 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு சிட்ரேட் இருந்ததா, குழாயை உடனே மெதுவாகக் கவிழ்த்துக் கலந்தார்களா என்று கேளுங்கள்.

சிட்ரேட்டுக்குப் பதில் ஹெப்பாரின் (இன்னொரு உறைவுத் தடுப்பான்) குழாய்க்கு மாறிவிடாதீர்கள். ஃபைப்ரினால் ஊசி அடைக்காதுதான், ஆனால் த்ராம்பின் முடங்குவதால் பிறகு கால்சியம் கொடுத்தாலும் ஃபைப்ரின் சரியாக உருவாகாது.