ஒரே குற்றம், மூன்று முடிவுகள்

கேள்வி: தூக்குத் தண்டனை உயிர் வாழும் உரிமைக்கு எதிரானது என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். உச்ச நீதிமன்றமே செல்லும் என்று சொல்லிவிட்ட பிறகும் உங்களுக்கு ஏன் இந்தப் பிடிவாதம்? கொலையுண்டவருக்கு உரிமை கிடையாதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: சட்டத்தின் எழுத்தை மட்டும் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி. சட்டம் வகுத்த நடைமுறைப்படி அல்லாமல் எவர் உயிரையும் பறிக்கக் கூடாது என்கிறது 21-ஆவது பிரிவு. முறைப்படி பறிக்கலாம் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. 1980-இல் பச்சன் சிங் வழக்கை விசாரித்த ஐந்து நீதிபதிகளில் நால்வர் மரண தண்டனை செல்லும் என்றார்கள். 'அரிதினும் அரிதான' வழக்குகளுக்கு மட்டுமே அது என்ற வரம்பும் அந்தத் தீர்ப்பில் வந்ததுதான்.

ஆனால் அதே அரசியல் சட்டத்தில் 14-ஆவது பிரிவும் இருக்கிறது: சட்டத்தின் முன் அனைவரும் சமம். தூக்குக் கயிறு இந்தப் பிரிவை மதித்ததே இல்லை என்பதுதான் என் வாதம். 1982-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த ஹர்பன்ஸ் சிங் வழக்கைப் பாருங்கள். ஒரு குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றதற்காக உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் செஷன்ஸ் நீதிமன்றம் 1975-இல் மூவருக்குத் தூக்கு விதித்தது. மூவரின் பங்கும் ஒன்றே. உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. மூவரும் தனித்தனியாக உச்ச நீதிமன்றத்தை நாடினார்கள். தனித்தனி அமர்வுகள் விசாரித்தன. ஒருவர் மனு 1976-இல் தள்ளுபடியானது. அடுத்தவர் தண்டனையை 1977-இல் வேறொரு அமர்வு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. மூன்றாமவர் மனுவும் தள்ளுபடி. எஞ்சிய இருவருக்கும் 1981 அக்டோபர் 6 நாள் குறிக்கப்பட்டது. அவர்களில் ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ரிட் மனு போட்டுத் தடை வாங்கினார். மற்றவர் அன்று தூக்கிலிடப்பட்டார். பிறகுதான் நீதிபதிகள் மூன்று தீர்ப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து அதிர்ந்தார்கள். உயிரோடு இருந்தவரின் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தார்கள். மாண்டவருக்கு யார் என்ன பரிந்துரை செய்வது? அவர் செய்த தனிக் குற்றம், அவருடைய மனு வேறு நீதிபதிகளின் மேசைக்குப் போனது மட்டுமே.

இந்த ஆபத்தைச் சொல்லித்தான் பச்சன் சிங் வழக்கில் நீதிபதி பகவதி தனித்து நின்று மாறுபட்டார். நீதிபதிக்கு நீதிபதி மாறும் தண்டனை சமத்துவத்துக்கு விரோதம் என்றார். அது பெரும்பாலும் ஏழைகள் தலையில்தான் விழுகிறது என்றும் எழுதினார். அவருக்கு முன்பே, 1949-இல் அரசியல் நிர்ணய சபையில் மரண தண்டனை மேல்முறையீடு பற்றிய விவாதத்தின்போது, அந்தத் தண்டனையையே ஒழித்துவிடலாம் என்று பேசினார் அம்பேத்கர்.

பிலிபித் தொலைவில் இருக்கிறது என்றால் பூந்தமல்லிக்கு வாருங்கள். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் அங்கிருந்த தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்ட) நீதிமன்றம் 1998 ஜனவரியில் 26 பேருக்குத் தூக்கு விதித்தது. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றம் அவர்களில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. சிறு குற்றங்களுக்கான தண்டனையை ஏற்கெனவே அனுபவித்துவிட்டதால் அவர்கள் வெளியே வந்தார்கள். தூக்கு உறுதியான நால்வருக்கும் பின்னாளில் தண்டனை குறைந்தது. அதே சாட்சியங்களை வைத்து ஒரு நீதிமன்றம் கொல்லச் சொன்ன 19 பேர், இன்னொரு நீதிமன்றத்துக்குக் கொலையாளிகளாகவே தெரியவில்லை!

கொலையுண்டவரின் உரிமை பற்றிக் கேட்கிறீர்கள். ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு மாண்ட மற்றவர்களின் வீடுகளில் அந்த இழப்பு இன்றும் ஆறவில்லை. அவர்களுக்கு அரசு கடன்பட்டிருக்கிறது: ஒழுங்கான புலன்விசாரணை, தாமதமில்லாத வழக்கு, குடும்பத்துக்கு இழப்பீடு, உண்மைக் குற்றவாளிக்குத் தண்டனை. தண்டனைக் குறைப்புக்கு இடமில்லாமல் வாழ்நாள் முழுவதும் சிறையில் வைக்கும் அதிகாரத்தையும் உச்ச நீதிமன்றம் 2015-இல் உறுதி செய்திருக்கிறது. தீர்ப்பு தவறு என்று பின்னர் தெரிந்தால் அந்தச் சிறைக் கதவைத் திறக்க முடியும். 1981 அக்டோபர் 6-ஐத் திருப்ப முடியவில்லை.