விளையாட்டு வழிக் கணிதம்: ஆசிரியர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: என் வகுப்பில் மூன்று நிலைக் குழந்தைகள். மூன்று விளையாட்டுகள் வேண்டுமா?

வேண்டாம். விளையாட்டு ஒன்றே, கணக்குதான் வேறு. ஆளுக்கு இரண்டு எண் சீட்டுகள். பெரிய விடை வந்தவர் நான்கையும் எடுத்துக்கொள்வார். ஒரு மேசையில் கூட்டல், அடுத்ததில் பெருக்கல், இன்னொன்றில் இரு சீட்டையும் அடுக்கி ஈரிலக்க எண். கடிகாரம் வைத்து அவசரப்படுத்த வேண்டாம்.

கேள்வி: கணக்கை முதலில் முடிப்பவர்களுக்குப் பரிசாக விளையாட விடுகிறேன். சரிதானே?

சரியில்லை. எத்தனை முறை எழுதினாலும் இந்தப் பழக்கம் ஒழிய மாட்டேன் என்கிறது. முதலில் முடிப்பது யார்? கணக்கு ஏற்கெனவே கைவந்த குழந்தை. 8 + 5-க்கு விரல் மடக்கும் குழந்தையோ மணி அடிக்கும்வரை நோட்டில் குனிந்தே இருக்கிறது. 8-ஐப் பத்தாக்க 2, மிச்சம் 3, ஆக 13 என்ற வழி அதற்குப் படிய வேண்டும். கூட்டினால் பத்து வரும் எண் சீட்டுகளைச் சேர்க்கும் ஆட்டம் அதைத்தான் பழக்குகிறது. உண்டவனுக்கே மீண்டும் பரிமாறிவிட்டுப் பசித்தவனைக் காக்க வைக்கிறீர்கள். ஆட்டத்தைப் பாடவேளைக்குள் கொண்டுவாருங்கள். பத்து நிமிடம் போதும், ஆனால் எல்லாருக்கும். அந்த நேரத்தில் விடைத்தாள் திருத்தாமல், பக்கத்தில் உட்கார்ந்து யார் எப்படி எண்ணுகிறார் என்று கவனியுங்கள். அடுத்த நாள் யாருக்கு எந்தச் சீட்டு என்பது அங்கேதான் தெரியும்.

கேள்வி: பகடை உருட்டிக் காய் நகர்த்துவதெல்லாம் கணிதமா?

எப்படி எண்ணுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. காய் 24-இல் நிற்கிறது, 3 விழுகிறது. ‘ஒன்று, இரண்டு, மூன்று’ என்று நகர்த்தினால் பலன் குறைவு. ‘25, 26, 27’ என்று சொல்ல வையுங்கள். கீதா ரமணியும் ராபர்ட் சீக்லரும் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 1 முதல் 10 வரை நேர்வரிசையில் எழுதிய பலகையில் மொத்தம் ஒரு மணி நேரம்போல ஆடிய மழலையருக்கு எண்ணறிவு கூடியது. எண்ணில்லாத வண்ணப் பலகையில் ஆடியவர்களுக்கு அந்தப் பலன் இல்லை.

கேள்வி: விளையாட்டு எடுபடவில்லை. என்ன செய்யலாம்?

எந்த வகுப்பு, எந்த ஆட்டம், எங்கே தடுமாறினார்கள்? ஒன்றுமே எழுதாமல் மருந்து கேட்டால் எப்படி? விவரத்தோடு எழுதுங்கள்.

கேள்வி: கெட்டிக்காரக் குழந்தையே எப்போதும் ஜெயிக்கிறது.

அதிர்ஷ்டம் கலந்த ஆட்டம் கொடுங்கள். 2 முதல் 12 வரை கட்டங்கள், ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு காய்களை விருப்பப்படி பரப்பட்டும். இரு பகடைகளின் கூட்டுத்தொகை எதுவோ, அந்தக் கட்டத்தில் ஒரு காய் வெளியேறும். தொடக்க நிலைக் குழந்தைக்கு அது கூட்டல் பயிற்சி. கெட்டிக்காரக் குழந்தைக்கோ, 7 ஏன் அடிக்கடி விழுகிறது என்ற யோசனை: 36 வழிகளில் 7-க்கு ஆறு, 12-க்கு ஒன்றே ஒன்று. இங்கும் கடிகாரம் வேண்டாம்.

கேள்வி: வீட்டுப்பாடமாகத் தரலாமா?

வகுப்பில் ஆடிப் பழகியதை மட்டும்.