பீரோவில் தூங்கும் காது மிஷின்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு வயது 64. கும்பகோணத்தில் ஒரு பித்தளைப் பாத்திரக் கடையில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். மூன்று வருடமாகக் காது மந்தம். மகன் 46 ஆயிரம் ரூபாய் செலவழித்து இரண்டு காதுக்கும் மிஷின் வாங்கிக் கொடுத்தான். மைத்துனர் வீட்டுக் கல்யாணத்துக்குத்தான் முதன்முதலாகப் போட்டுக்கொண்டு போனேன். தவில் மண்டைக்குள் இடித்தது. போதாததற்குப் பந்தியில் எதிரே இருந்தவர் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தார். கழற்றிச் சட்டைப்பையில் போட்டவன்தான். ஐந்து மாதமாகப் பீரோவில் கிடக்கிறது.

சின்ன வயதில் எங்கள் தெருவில் காது கேளாத தையற்காரர் ஒருவர் இருந்தார். ‘டமாரம்’ என்று கத்திவிட்டு ஓடும் பையன்களில் நானும் ஒருவன். அந்தப் பெயர் இப்போது எனக்கு வந்துவிடுமோ என்று கூசுகிறது.

போன வாரம் பேத்தி போனில் ஏதோ சொன்னாள். புரியாதபோது வழக்கமாகச் செய்வதுபோலச் சிரித்துவைத்தேன். அவள் வளர்த்த பூனை செத்துப்போனதைச் சொல்லியிருக்கிறாள். அதன்பிறகு என்னோடு பேச வருவதில்லை. நான் என்ன செய்ய?

— கும்பகோணம் வாசகர்

அன்புள்ள ஐயா,

தையற்காரரைப் பற்றி எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். பந்தியில் பார்த்தவர் என்ன நினைத்தார் என்பது உங்களுக்குத் தெரியாது. (தனக்கும் ஒன்று வேண்டுமென்று, விலை கேட்கத் தயங்கியவராக இருக்கலாம். அப்படிப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.) அவர் வாயில் ‘டமாரம்’ என்ற சொல்லை வைத்தவர் நீங்கள். அந்தச் சிறுவனின் குரல்தான் இன்னும் உங்களைத் துரத்துகிறது. மிஷினைக் கழற்றினால் குறை வெளியே தெரியாது என்ற கணக்கும் பலிக்கவில்லை, பாருங்கள். பேத்தியிடம் மாட்டிக்கொண்டபோது மிஷின் பீரோவில்தானே இருந்தது?

கல்யாண மண்டபத்தில் தொடங்கியது தவறு. வயதாகும்போது பெரும்பாலும் கீச்சென்ற மேல் ஒலிகள்தான் முதலில் மங்கும். ச, த, ட போன்ற எழுத்துகள் தேய்ந்துவிடுவதால் குரல் கேட்கும், பேச்சு புரியாது. ‘பத்து’ என்றாலும் ‘பட்டு’ என்றாலும் ஒன்றுதான். குழந்தைக் குரல் என்றால் இன்னும் சிரமம். வருடக்கணக்கில் விட்டுப்போன ஒலிகளோடு மூளை மறுபடி பழகச் சில வாரங்களாவது ஆகும்.

வீட்டில் காலையில் ஒரு மணி நேரம் போடுங்கள், மனைவியோடு மட்டும் பேசுங்கள். டம்ளர் வைக்கிற சத்தம் காதைக் கிழிக்கும். செய்தித்தாளைப் புரட்டினால் அப்பளம் நொறுங்கும். உங்கள் குரலே குடத்துக்குள்ளிருந்து வரும். நாளாக நாளாக அடங்கும். அடங்காவிட்டால் வாங்கிய இடத்துக்கே எடுத்துப்போங்கள். செவித்திறன் நிபுணர் கணினியில் இணைத்து ஒலியைத் திருத்தித் தருவார். இரண்டு மூன்று நடையாவது நடக்கத்தான் வேண்டும். பேட்டரி மாற்றுகிற வகை என்றால் புதிதாகப் போடுங்கள். மேலே ஒட்டியிருக்கும் தாளை உரித்து, ஓரிரு நிமிடம் காற்றுப்பட விட்டு மூடுங்கள்.

பேத்தியிடம் பேச இதெல்லாம் முடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். இன்றைக்கே வீடியோவில் கூப்பிடுங்கள், உதட்டசைவும் உதவும். மனைவி பக்கத்தில் இருக்கட்டும். ‘தாத்தாவுக்குக் காது சரியாகக் கேட்காதம்மா, புரியாமல் சிரித்துவிட்டேன்’ என்று சொல்லுங்கள். பிறகு பூனையின் பெயரைக் கேளுங்கள். காதில் விழாவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள்.